மறைவிருப்பமும் மொழியும்: மம்பாவ் தோட்டத்தார் கேட்ட பாடல்கள்

'உங்களுக்குப் பிடித்த பாடல் எது?' என்னும் வினாவை ஒருவரிடம் அவையில் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். அதையே அவர் வீட்டு வாசலில் அமர்ந்து கேட்டால் மற்றொரு விடை கிடைக்கும். அவையில் வரும் விடை பெரும்பாலும் தேவாரமாகவோ கீர்த்தனையாகவோ இலக்கியநயம் மிக்க பழைய திரைப்பாடலாகவோ இருக்கும். வாசலில் வரும் விடை சற்றுத் தயக்கத்தோடும் சிறு சிரிப்போடும் வரும். 'வெளியில் சொல்லிவிடாதீர்கள்' என்னும் வேண்டுகோளும் உடன் வருவதுண்டு. இவ்விரண்டு விடைகளுக்கும் இடையேயுள்ள தொலைவே இவ்வுரையின் பொருள். மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் அறிய வேண்டிய செய்தி அத்தொலைவினுள் இருக்கிறது என்பது நம் கருத்து.

1. சொல்லும் பொருளும்

நாவுக்கும் செவிக்கும் பொதுவான சொல்லாகத் தமிழில் வழங்குவது 'சுவை'. கேள்வி என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் செவியால் நுகரும் சுவையை வாயால் நுகரும் சுவைக்கு எதிரே நிறுத்துகிறார். மக்கட்பேறு என்னும் அதிகாரத்திலோ, குழலும் யாழும் இனியவை என்போர் தம் குழந்தையின் மழலையைக் கேளாதவர் என்கிறார். தேர்ந்த இசையைக் காட்டிலும் நெருங்கியவரின் குரல் இனிது என்னும் உண்மையை அவர் மறைக்கவில்லை. சுவை என்பது ஒலியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று, யாருடைய ஒலி என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

உள்ளத்தில் விரும்பி வெளியில் சொல்லக் கூசும் சுவைக்குத் தமிழில் வழக்கூன்றிய ஒருசொல் இல்லை. இவ்வுரையின் தேவைக்காக அதனை 'மறைவிருப்பம்' என வழங்குவோம்.

2. இரு வகை நாணம்

மறைவிருப்பத்தை மறைக்கத் தூண்டுவது நாணம். நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறள் நாணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. தகாத செயல் பற்றி வருவது ஒன்று. இயல்பான கூச்சத்தால் வருவது வேறு. பாட்டைப் பொறுத்தவரையிலும் இப்பிரிவு பயன்படும். பாட்டின் பொருள் இழிந்தது என்பதால் வரும் நாணம் ஒன்று. பாட்டைப் பாடியவர், கேட்டவர், அது ஒலித்த இடம் ஆகியவை தாழ்ந்தவையாகக் கருதப்பட்டதால் வரும் நாணம் மற்றொன்று. நாம் மறைப்பவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வரலாறு இதனை உறுதி செய்கிறது. சென்னைச் சபாக்களில் ஒரு காலத்தில் தமிழ்ப் பாடல்களே 'துக்கடா' ஆக இருந்தன. கச்சேரியின் முதன்மைப் பகுதி தெலுங்குக்கும் வடமொழிக்கும் உரியதாக, இறுதியில் ஒரு சில தமிழ்ப் பாடல்கள் பாடப்பெற்றன. துண்டு என்னும் பொருளுடைய வடஇந்தியச் சொல்லே துக்கடா ஆயிற்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் இந்நிலைக்கு எதிராக எழுந்தவை. இன்று அவையில் நாம் பெருமையோடு சொல்லும் விடை, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த அவையிலேயே கூச்சத்துக்குரியதாய் இருந்தது.

அடுத்து நாணத்துக்கு ஆளானது திரைப்பாடல். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் ஒடுக்கப்பட்டன. கேட்போர் செவிசாய்ப்பதை நிறுத்தவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டனர். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டு, திரைப்பாடல் மீண்டும் இடம்பெற்றது. ஆணையால் விருப்பத்தை மாற்ற இயலவில்லை; அதனை மறைவிருப்பமாக்க மட்டுமே இயன்றது.

3. மம்பாவில் நான்கு அடுக்குகள்

மம்பாவ், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர். அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் தமிழர் வாழ்ந்தனர். நம் இளமையும் அங்கே கழிந்தது. ஒரு லயத்து வீட்டில் மூன்று தலைமுறையினர் இருப்பர். ஆகவே ஒரே கூரையின்கீழ் மூன்று காலத்துப் பாடல்கள் ஒலிக்கும். அவற்றை அடுக்குகளாகக் காண்பது எளிது.

அடித்தள அடுக்கு, எழுதப்படாத பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு ஆகியவை ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. வந்த இடத்தில் அவற்றுள் கங்காணியும் துரையும் பால்மரமும் புகுந்தன. தோட்டத்தாரின் அன்றாடச் சொற்களும் அவ்வாறே கலந்தவை. மலாய்மொழியின் 'கெத்தா' கித்தா ஆயிற்று. 'மங்கோக்' மங்கு ஆயிற்று. பால்வாளிகளைத் தோளில் சுமக்கும் கோல் 'காண்டா' ஆயிற்று. விடியுமுன் கூடி நின்று பெயர் கொடுக்கும் ஆங்கிலேயரின் 'பரேட்' பெரட்டு ஆயிற்று. இச்சொற்கள் எந்தப் பாடநூலிலும் நமக்குக் கற்பிக்கப்படவில்லை.

இரண்டாம் அடுக்கு, வானொலியும் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களும். 1946இல் தோன்றிய மலாயா வானொலியின் தமிழ்ப் பிரிவு, பின்னர் வானொலி ஆறு எனவும் இன்று மின்னல் பண்பலை எனவும் வழங்குகிறது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் தோட்டப் பெயர்களும் மனிதர் பெயர்களும் ஒலிக்கும்போது லயமே அமைதி காக்கும். டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் குரல்கள் உறவினர் குரல்களைப்போல் பழகின.

இவ்வடுக்கில் மலாய்ப் பாடல்களுக்கும் இடமுண்டு. பி. ரம்லியின் பாடல்களைத் தோட்டத்தார் பலர் விரும்பிக் கேட்டனர். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பின்னாளில் பினாங்கைச் சேர்ந்த லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. ஆயினும் 'மலாய்ப் பாட்டு பிடிக்கும்' என்று தமிழர் கூட்டத்தில் சொல்வதற்குச் சிலர் தயங்கினர். அதுவும் மறைவிருப்பமே.

மூன்றாம் அடுக்கு ஒலிநாடா. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் முதற்படமாகிய அதில், எஸ். ஜானகியின் குரலில், பாட்டி முணுமுணுத்த மெட்டின் சாயல் திரையிலிருந்து ஒலித்தது. நாட்டுப்புற இசையைக் கேட்கக் கூசியவர்களும் அதனைத் திரைவழியே கேட்கத் தலைப்பட்டனர். ஆய்வு மாணவராய் இருந்த அக்காலத்தில், அவையில் பண்களைப் பற்றிப் பேசினோம். அறையில் ஒலிநாடாவை மாற்றிமாற்றிப் போட்டோம். 2025 மார்ச் 8 அன்று அந்த இசையமைப்பாளர் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவையின் விடையும் வாசலின் விடையும் அவரளவில் ஒன்றாகிவிட்டன.

நான்காம் அடுக்கு, இங்கேயே பிறந்தது. யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டனர். 'நிழல்கள்' (1980) படத்தின் பாடலொன்றை அவர்கள் சொல்லிசையாக மாற்றியமைத்தது தமிழகத்திலும் கேட்கப்பட்டது. தமிழகத்திலிருந்து பாட்டு வந்த வழியில், பாட்டு திரும்பிச் சென்றது. அதனைக் கேட்கும் மாணவர் இன்றும் ஆசிரியர் முன்னிலையில் செவிப்பொறியைக் கழற்றிவிடுகின்றனர்.

4. ஒரு குரல், இரு மதிப்பு

நாணத்தின் இயல்பை விளக்க எல். ஆர். ஈஸ்வரியின் குரலைவிடச் சிறந்த சான்று இல்லை. 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணுக்காக அவர் பாடிய பாட்டு, நம் தோட்டத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. பெரியவர்கள் முன்னே பாடினால் அடி விழும். கேளிக்கை விடுதி நடனப் பாடல்களும் அவ்வாறே. பின்னர் அதே குரல் மாரியம்மன் பாடல்களைப் பாடியது. ஆடித் திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து அது எழுந்தபோது, முன்பு அடித்த பெரியவர்கள் கைகூப்பினர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பது அங்கே எவருக்கும் தடையாயில்லை. குரலின் ஏற்றமும் துள்ளலும் மாறவில்லை. ஒலித்த இடமே மாறியது. நாணம் பாட்டில் இல்லை, இடத்தில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

உறுமி மேளமும் இத்தகையது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமலை எழுப்பும் இத்தோற்கருவி, மலேசியாவில் தைப்பூசக் காவடிகளோடும் தோட்டத்துக் கோயில் விழாக்களோடும் பிணைந்தது. இளைஞர் குழுக்கள் திரைமெட்டுகளை அதில் புகுத்துவதைக் கண்டிக்கும் குரல்கள் உண்டு. கண்டனத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் பள்ளியில் தமிழை நீங்கிய இளைஞர் பலர், தமிழ்ப் பாடல்களை மனப்பாடம் செய்து பாடும் ஒரே களம் அதுவாக இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. பாட்டு கற்பித்த தமிழ்

இனி மொழியியலுக்கு வருவோம். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் விளக்கிய இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் நல்ல சான்று. எழுதுவது ஒரு தமிழ். பேசுவது ஒரு தமிழ். பள்ளிக்குச் சென்றவர் இரண்டையும் பெறுவர். பள்ளி காணாத பால்வெட்டுப் பெண் இரண்டாவதை மட்டுமே பெற்றாள் எனக் கருதுவது இயல்பு. ஆயினும் உண்மை வேறு. 1950, 60களின் திரைப்பாடல்கள் பெரிதும் எழுத்துத் தமிழின் இலக்கணத்தில் அமைந்தவை. 'இல்லை' என்று பேசியவள் 'இன்றி' என்று பாடினாள். 'வந்துச்சு' என்று பேசியவள் 'வந்தது' என்று பாடினாள். பொருள் கேட்டால் சொல்வாள். எழுத்தறியாதவருக்குச் செந்தமிழ் வந்து சேர்ந்த வழி பாட்டே.

ஒலிப்பும் அவ்வழியே வந்தது. லகர, ளகர, ழகர வேறுபாடு பேச்சில் தேய்ந்த குடும்பங்களிலும் பிள்ளைகள் சௌந்தரராஜனைப் பின்பற்றி ழகரத்தைத் திருத்தமாகப் பாடினர். அவருடைய தாய்மொழி சௌராட்டிரம் என்பதும், சுசீலா, ஜானகி, ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் தாய்மொழி தெலுங்கு என்பதும் மாணவர் வியந்து நோக்கத்தக்கவை. கற்றுப் பாடியவர்களின் ஒலிப்பு, பிறந்து பேசியவர்களுக்குப் பாடமாயிற்று.

1976க்குப் பின் பேச்சுவழக்கு பாட்டில் மிகுந்தது. அதனால் செந்தமிழ் குறைந்தது என வருந்துவோர் உண்டு. அதே வேளையில், தம் வீட்டுத் தமிழும் பாட்டாகும் தகுதியுடையது என்று தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முறையாக உணர்ந்தனர். இரண்டும் மொழிக்கு வேண்டுபவையே.

6. எதற்கு நாண வேண்டும்?

எல்லாப் பாடலும் நன்று என்பதன்று நம் முடிவு. பெண்ணை இழிவுபடுத்தும் பாடலும், குடியைப் பெருமையாக்கும் பாடலும், ஒரு சாதியை உயர்த்திப் பிறரைத் தாழ்த்தும் பாடலும் உண்டு. அவற்றை விரும்பினால் நாண வேண்டும். அதுவே வள்ளுவர் கூறும் செயல் பற்றிய நாணம். அது நகரத்து அரங்கில் ஒலித்தாலும் அதே அளவு நாணத்தக்கது. தோட்டத்தில் ஒலித்தது, படியாதவர் பாடியது, பறையோடும் உறுமியோடும் வந்தது என்பதற்காக வரும் கூச்சத்தை மட்டுமே விலக்கச் சொல்கிறோம்.

அக்கூச்சத்தால் விளையும் இழப்பு பெரிது. சிரம்பான் நகரம் பரந்துவரும்போது சுற்றுப்புறத் தோட்டங்கள் பல குடியிருப்புகளாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். அங்கே ஒப்பாரி பாடினால் அண்டை வீட்டார் என்ன நினைப்பர் என்று பாட்டி வாய்மூடுகிறாள். களப்பணியில் ஒலிப்பதிவுக் கருவியை முன்வைத்தபோதெல்லாம் நாம் முதலில் கேட்ட விடை ஒன்றே: 'அதெல்லாம் ஒரு பாட்டா, ஐயா? நல்ல பாட்டு ரேடியோவில் இருக்கே.' பாடத் தெரிந்தவர், பாடத் தகுதியற்றது என நம்பியதால் பாடாமலே மறைகிறார். அவரோடு பெரட்டும் காண்டாவும் அச்சொற்களுக்குரிய வாழ்வும் மறைகின்றன. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

7. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

வகுப்பறையில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், பத்து வயதில், இருபது வயதில், நாற்பது வயதில் பிடித்த பாடல் எதுவெனக் கேட்டு எழுதட்டும். இறுதியில், 'யாரிடமும் சொல்லாத பாட்டு எது?' எனவும் கேட்கட்டும். பயன்மிக்க விடை பெரும்பாலும் அதற்கே கிடைக்கும். இரண்டாவது, கைப்பேசியில் அவர் பாடுவதை ஒப்புதலோடு பதியட்டும். பாடலில் வரும் தோட்டச் சொற்களுக்கு அவரிடமே பொருள் கேட்டுப் பட்டியலிடட்டும். மூன்றாவது, ஆசிரியரும் தம் பட்டியலை மாணவர்முன் வைக்கட்டும். ஆசிரியர் மறைத்தால் மாணவரும் மறைப்பர்.

அவ்வகையில் நம் பட்டியலையும் இங்கே வைக்கிறோம். பத்து வயதில் இலந்தைப்பழம் விற்றவளின் பாட்டு. இருபதை நெருங்கியபோது 'அன்னக்கிளி'. நாற்பதில், பிறர் இல்லாதபோது, பி. ரம்லி, இன்று, பேரப்பிள்ளைகள் அறிமுகம் செய்த சொல்லிசை. எல்லாக் காலத்துக்கும் பொதுவாய், பாட்டி பாடிய ஒரு தாலாட்டு. அதன் நான்கு அடிகள் நினைவில் உள்ளன. ஐந்தாம் அடியைக் கேட்டுவைத்தவர் எவருமில்லை. உங்கள் வீட்டில் ஐந்தாம் அடி இன்னும் இருக்கக்கூடும். இவ்வாரமே சென்று கேளுங்கள்.