தங்கத்தை மிஞ்சிய எஃகு

தட்டும் தம்ளரும் செய்கிற எவர்சில்வரில் ஒரு கைக்கடிகாரம். விலையோ பல தங்கக் கடிகாரங்களைவிட அதிகம்! 1972-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் கண்காட்சிக்கு 'ராயல் ஓக்' வந்தபோது வியாபாரிகள் தயங்கினர். விலை 3,300 பிராங்க்.

1969-லேயே ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்துவிட்டது. பல்சக்கரக் கடிகாரங்களின் பிழைப்புக்கே ஆபத்து வந்த அந்த வேளையில்தான், 1875-ல் தொடங்கிய ஓடெமார் பிகே நிறுவனம் இத்துணிச்சலில் இறங்கியது. ஒரே இரவில் வரைந்ததாகச் சொன்னவர் ஜெரால்ட் ஜென்டா. முக்குளிப்போரின் தலைக்கவசம் போன்ற எண்கோண விளிம்பு. அதில் 8 திருகாணிகள், ஒளிக்காமல்! அகலம் 39 மி.மீ.; உள்ளிருந்த தானியங்கி இயந்திரத்தின் கனமோ 3.05 மி.மீ.தான்.

மயக்குவது உலோகமன்று, வேலைப்பாடு. எஃகு தங்கத்தைப்போல இணங்கி வராது. ஒரு பக்கம் கண்ணாடிப் பளபளப்பு, அடுத்த பக்கம் மெல்லிய கோடுகள். இரண்டும் சேருமிடம் கத்திமுனைபோல் நேராக நிற்க வேண்டும். செயினோ கடிகாரத்தோடு கூடப் பிறந்ததுபோல், கண்ணிக்குக் கண்ணி சிறுத்துக்கொண்டே போகும்.

1976-ல் பட்டேக் பிலிப் நிறுவனமும் எஃகில் 'நாட்டிலஸ்' செய்தது. அதை வரைந்தவரும் ஜென்டாவே!