பருவம்: ஒரு சொல்லும் ஒரு பயிரும்

‘பருவம்’ என்னும் சொல்லைச் செம்பவாங்கில் பயிலும் மாணவர்க்கு விளக்கப் புகும்போது ஒரு தயக்கம் எழுவது இயல்பு. கோடையும் பனியும் மாறிவராத ஊர் இது. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 நிமிடமே. ஆடிப்பட்டம், தைப்பட்டம் ஆகிய சொற்கள் இங்கே பாடநூலோடு நின்றுவிடுகின்றன. இம்மண்ணில் அவற்றுக்குப் பொருள் உண்டா என்பதே நம்முன் உள்ள வினா.

தமிழில் பருவம் என்பது இருபொருள் தரும் சொல். மழைப்பருவம் என்னும்போது அது புறத்தே நிலவும் காலத்தைச் சுட்டும். நாற்றுப்பருவம், பூக்கும் பருவம் என்னும்போது பயிர் அடையும் நிலையைச் சுட்டும். பயிரின் வளர்ச்சி வேறு, பருவமாற்றம் வேறு. இலை நீள்வதும் தூர் பெருகுவதும் வளர்ச்சி. இலைகளையே ஈன்றுகொண்டிருந்த குருத்து அதனை நிறுத்திக் கதிரை உருவாக்கத் தொடங்குவது பருவமாற்றம். நீரும் உரமும் வளர்ச்சியை மிகுவிக்கும். ஆயினும் பல பயிர்களின் பருவமாற்றத்திற்குப் புறத்திலிருந்து வேறொரு குறிப்பும் வேண்டும்.

அக்குறிப்பு யாது? பகலின் நீளமே பல செடிகளின் பூத்தலை நெறிப்படுத்துகிறது என்பதை அமெரிக்க அறிவியலர் கார்னரும் அல்லார்டும் 1920இல் வெளியிட்டனர். செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தையே எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நெல்லில் இதனை அளப்பது இலை. இரவு போதிய அளவு நீண்டதும் இலையில் ஒரு புரதம் தோன்றிக் குருத்தைச் சென்றடைகிறது. அங்கே கதிர் உருவாகத் தொடங்குகிறது.

காவிரிப் படுகையில் பகல்நீளம் ஆண்டுக்குள் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் மாறுபடும். அங்கு விளைந்த பழைய சம்பா வகைகள் பல இம்மாற்றத்திற்கு இசைந்தவை. அவற்றைச் சில வாரங்கள் பிந்தி விதைத்தாலும் கதிர்விடும் காலம் அந்த அளவிற்குத் தள்ளிப்போவதில்லை, தூர்கட்டும் நாள்களே குறைகின்றன, விளைச்சலும் குன்றுகிறது. உழவர் பட்டம் பார்த்து விதைத்ததில் மழையின் கணக்கோடு இரவின் கணக்கும் அடங்கியிருந்தது. குறுவை வகைகளோ இரவின் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

அவ்வாறாயின், நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் நெல்லுக்குப் பருவம் தெரியாதா? இதற்கு விடை அண்டையிலுள்ள மலாக்காவில் கிடைத்தது. அங்கே பகல்நீள வேறுபாடு 14 நிமிடமே. ‘சியாம் 29’ என்னும் நெல்வகையை அங்குச் செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளில் பூத்தது; ஜனவரியில் விதைத்தபோது 329 நாள் எடுத்துக்கொண்டது. ஜனவரிப் பயிர், மீண்டும் இரவு நீளும் ஆண்டிறுதிவரை காத்திருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு, நாம் உணராத சில நிமிட வேறுபாட்டையும் நெல் உணரும் என்பதை மெய்ப்பித்தது.

பிலிப்பீன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 முதலிய வகைகள் பகல்நீளத்தைச் சார்ந்தவை அல்ல. நீர் இருப்பின் எம்மாதத்தும் விதைக்கலாம் என்றாயிற்று. விளைச்சல் பெருகியது; ஆனால் பட்டத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழகத்திலேயே தளர்வுற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். ஆகவே, இச்சொற்கள் மங்குவது நாம் கடல்கடந்து வாழ்வதால் மட்டும் அன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிற்குக் கொண்டுவரலாம். இரவின் நீளத்தை உணரும் பழைய நெல்வகை ஒன்றை இரு தொட்டிகளில் விதைத்து, ஒன்றை இரவு முழுதும் விளக்கெரியும் அடுக்குமாடித் தாழ்வாரத்திலும், மற்றொன்றை நல்ல இருள் சூழும் இடத்திலும் வைக்கலாம். இரண்டிற்கும் பகல் வெயில் ஒரே அளவில் கிடைத்தல் வேண்டும். விளக்கொளியில் நிற்பது இலைவிட்டுக்கொண்டே இருக்க, இருளில் நிற்பது முந்திக் கதிர்விடக்கூடும். மாணவர் நாள்தோறும் கண்டதைத் தமிழில் எழுதிவரட்டும். தூர், குருத்து, கதிர், பருவம் ஆகிய சொற்கள் அப்போது அவர்கள் கண்ணால் கண்டவற்றின் பெயர்களாகும்.