கட்சியைக் கட்டாத பத்தாவது அட்டவணை

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம், தேர்தலையும் அமைச்சரவையையும் பற்றி விரிவாகப் பேசினாலும், அவ்விரண்டையும் இயக்குகின்ற அரசியல் கட்சிகளைப் பற்றி வாய்திறக்கவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் 19-ஆவது பிரிவின் நிழலிலேயே அவை 35 ஆண்டுகள் இயங்கிவந்தன. ராஜீவ் காந்தி அரசு 1985-இல் கொண்டுவந்த 52-ஆவது திருத்தத்தால் சேர்ந்த பத்தாவது அட்டவணையில்தான், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில்தான், கட்சி என்பது அரசமைப்பின் கண்ணில் பட்டது.

அதன்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அக்கட்சியின் உறுப்பினர் நிலையைத் தாமாக முன்வந்து துறந்தாலோ, இன்னவாறு வாக்களிக்க வேண்டும் என்று கட்சி பிறப்பிக்கும் கொறடா உத்தரவை அனுமதியின்றி மீறி, அம்மீறலைக் கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாமல் போனாலோ, பதவியை இழப்பார். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்துசெல்வதற்கு இருந்த விலக்கை 2003-இல் 91-ஆவது திருத்தம் நீக்கிவிட, மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து வேறொரு கட்சியோடு இணையலாம் என்ற விலக்கு மட்டும் எஞ்சியது. சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் இணைப்பு என்ற விந்தை அதனால் தொடர்கிறது.

தகுதிநீக்கத்தை முடிவு செய்பவர் பேரவைத் தலைவர். பெரும்பாலும் ஆளுங்கட்சியிலிருந்தே வருபவரான அவரிடம் இந்த அதிகாரத்தை விட்டுவைத்ததன் விளைவைத் தமிழகம் 2017-இல் நேரில் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அதிமுக உறுப்பினர்கள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் அதிமுக அரசை எதிர்த்து வாக்களித்தனர். பின்னர் பன்னீர்செல்வம், பழனிசாமி அணிகள் இணைந்தன, அந்த 11 பேரும் பதவி இழக்கவில்லை. ஆகஸ்டில், பழனிசாமிக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரையோ, உறுப்பினர் நிலையைத் தாமாகவே துறந்தவர்கள் என்று கருதி, பேரவைத் தலைவர் செப்டம்பர் 18 அன்று நீக்கினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். அவைக்குள் எதிர்த்து வாக்களித்தவர் தப்ப, அவைக்கு வெளியே கடிதம் கொடுத்தவர் பதவி இழந்தது சட்ட வாசகத்தின் குறை மட்டுமன்று. அதைக் கையாளும் இருக்கையின் குறையும் ஆகும்.

இச்சட்டத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கும் தமிழகமே சான்று. அதிமுகவிலிருந்து வெளியேற்றப்பட்ட இருவர் பின்னர் மதிமுகவில் சேர்ந்ததால் எழுந்த ஜி. விஸ்வநாதன் வழக்கில், கட்சி ஒருவரை வெளியே தள்ளினாலும் சட்டத்தின் பார்வையில் அவர் அக்கட்சிக்காரராகவே நீடிப்பதால், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது.

உறுப்பினரை இவ்வளவு இறுக்கிக் கட்டும் அரசமைப்பு, கட்சி தன்னுள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. பதிவு பெற விரும்பும் கட்சி அரசமைப்புக்கும் சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கோட்பாடுகளுக்கும் கட்டுப்படுவதாக உறுதிகூற வேண்டும் என்று கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவே. அந்த உறுதிமொழியை மீறியதற்காகப் பதிவை ரத்துசெய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்றும், மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற அரிதான நேர்வுகளில் மட்டுமே அது இயலும் என்றும் உச்ச நீதிமன்றம் 2002-இல் வரையறுத்துவிட்டது. ஆகவே, உட்கட்சித் தேர்தலைப் பெயருக்கு நடத்தும் கட்சியின் கொறடா உத்தரவுக்கும், முறையாக நடத்தும் கட்சியின் கொறடா உத்தரவுக்கும் பத்தாவது அட்டவணை ஒரே வலிமையைத்தான் தருகிறது.