வெட்டுவதற்கு முன்பே ரத்தத்தை நிறுத்துவது

இரைப்பையில் ரத்தக் கசிவு என்றால், மூக்கு வழியே குழாய் விட்டு, பனிக்கட்டியில் குளிரவைத்த உப்புநீரால் கழுவிக்கொண்டே இருந்த காலம் உண்டு. நிற்காவிட்டால் அறுவை சிகிச்சைதான். 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழை எண்டோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது, அடைக்க வழியில்லை. அட்ரினலின் ஊசி, சூடு வைத்தல், உலோகக் கிளிப் எல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. அட்ரினலின் மட்டும் போட்டால் வீரியம் தணிந்ததும் மறுபடி கசியக்கூடும் என்பதால், இன்று அதோடு கிளிப்போ சூடோ சேர்த்தே செய்கிறார்கள்.

1990-களின் இறுதியில் ஜப்பானியர்கள் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றை, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே உரித்தெடுக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் ரத்தத்தைக் கையாளும் முறையே மாறியது. புற்றுள்ள படலத்துக்கு அடியில் நீலச்சாயம் கலந்த திரவத்தை ஏற்றுவார்கள். படலம் உப்பி எழும். கீழே நீல அடுக்கில் ரத்தக்குழாய்கள் தெரியும். தடித்த குழாயை இடுக்கியால் பிடித்து, மின்சூட்டில் பொசுக்கிய பிறகே கத்தி அதைத் தொடும். உரித்து முடித்ததும் புண்ணின் தரையில் தெரியும் குழாய்களையும் தேடிப் பொசுக்கிவிடுவார்கள். பீறிட்ட பின் ரத்தக் குளத்துக்குள் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். புதுக் கருவிகள் எல்லாவற்றையும்விட இந்த நிதானத்தையே நான் பெரிய முன்னேற்றம் என்பேன்.

அப்படியும் சில நாள் கழித்துக் கசிவதுண்டு. அமிலம் ரத்தத்தை உறையவிடாது. உறைந்த கட்டியையும் கரைக்கும். 1980-களின் இறுதியில் வந்த ஒமெப்ரசோல் வகை மருந்துகள் அமிலத்தை அடக்கிப் புண் ஆற வழிவிடுகின்றன.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் விஷயத்தில்தான் நம்மிடையே பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. முன்பெல்லாம் எண்டோஸ்கோப்பி என்றதுமே நிறுத்தச் சொல்வார்கள். இன்று வெறுமனே பார்ப்பதற்கும் சிறு சதைத்துணுக்கு எடுப்பதற்கும் பொதுவாக நிறுத்துவதில்லை. பெரிய சிகிச்சை என்றால் மட்டும் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய மருத்துவரையும் கேட்டு முடிவெடுக்கிறார்கள். இரைப்பைக் கசிவை அநேகமாக அடைத்துவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு மலம் தார் போலக் கறுத்தாலோ தலை சுற்றினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.