மலைக்குப் போன மூன்று கடிகாரங்கள்

உங்கள் வீட்டில் எத்தனை கடிகாரங்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கூடத்துச் சுவரில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் ஒன்று. இவற்றில் எந்த இரண்டும் சரியாக ஒரே மணியைக் காட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயந்தான். கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் வேகமாக வைத்துவிட்டு, "அது பத்து நிமிஷம் கூட" என்று கணக்குப் போட்டுக்கொண்டே சாவகாசமாகக் கிளம்பி, கடைசியில் ரெயிலைத் தவற விடும் குடும்பத் தலைவர்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை.

ஆனால் இந்த உலகத்தில் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், அவர்களுக்கு இராத் தூக்கம் வராது! அவர்கள் சர்க்கார் விஞ்ஞானிகள் அல்ல. சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் அல்ல. பகலெல்லாம் ஏதோ ஓர் உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் மோட்டார் ஷெட்டிலோ மாடி அறையிலோ பழைய கருவிகளைக் குவித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்து விடுகிறவர்கள். தபால்தலை சேர்க்கிறவர்களையும் புறா வளர்க்கிறவர்களையும்போல இவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. ஆங்கிலத்தில் தங்களுக்குத் தாங்களே 'டைம் நட்ஸ்' என்று பெயர் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், 'காலப் பைத்தியங்கள்'!

இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த டாம் வான் பாக் என்பவர், 2005-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மூன்று அணுக் கடிகாரங்களையும் தம் மூன்று குழந்தைகளையும் குடும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். எதற்காக? ஐன்ஸ்டீன் சொன்னது சரிதானா என்று பார்த்துவிட்டு வரத்தான்! அந்தப் பிரயாணத்தைச் சொல்வதற்கு முன்னால், கடிகாரம் என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்து விடுவோம்.

பதினைந்து முறை பாதி

எந்தக் கடிகாரத்துக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மாறாமல் திரும்பத் திரும்ப நடக்கும் ஓர் அசைவு. தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் ஆடியது. உங்கள் கைக்கடிகாரத்தில் ஆடுவது குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லின் சிறு துண்டு. இந்தக் கல்லை நசுக்கினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-இல் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே கல் அதிர்கிறது. அதை வைத்து 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்.

கைக்கடிகாரத்துக் கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இது என்ன விசித்திரமான கணக்கு என்கிறீர்களா? அதைப் பாதியாக்குங்கள், மீண்டும் பாதியாக்குங்கள், இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக ஒன்று வரும். விநாடி முள் ஒரு தடவை நகர்கிறது!

ஆனால் இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் அடித்தால் ஒரு விதம், குளிர் அடித்தால் ஒரு விதம். ஆகவே நம் காலப் பைத்தியங்கள் நல்ல கல்லாகப் பார்த்து, அதை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்து, இரவும் பகலும் ஒரே சூட்டில் வைத்திருக்கிறார்கள். பச்சைக் குழந்தையைக் கூட இவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டோம். அப்படியும், வயசு ஏற ஏறக் கல்லின் போக்கு மெள்ள மெள்ள மாறிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக் கிரகங்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அந்தச் சமிக்ஞையை வாங்கும் கருவி விநாடிக்கு ஒரு துடிப்பைக் கொடுக்கும். அந்தத் துடிப்பு கணத்துக்குக் கணம் சற்றே தடுமாறும். ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் வழி தவறாது. குவார்ட்ஸ் கல்லோ கணத்துக்குக் கணம் நிதானம். நாள் கணக்கில் பார்த்தால் வழி தவறிவிடும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துக் குடும்பம் நன்றாக நடக்கிறது. பொருத்தமான தம்பதி என்றால் இதுவல்லவா!

அணு என்றதும் பயம் வேண்டாம்

குவார்ட்ஸில் தேறியவர்கள் அடுத்தபடியாக அணுவுக்குப் போகிறார்கள். அணு என்றதும் குண்டு ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். இங்கே எதுவும் வெடிப்பதில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஒவ்வோர் இனத்து அணுவும் குறிப்பிட்ட ஒரு ரேடியோ அலைக்கு மட்டுமே தலையாட்டும். அந்த அலை எது என்று கண்டுபிடித்து, அதன் அதிர்வுகளை எண்ண வேண்டியதுதான். மனிதன் அறுத்து எடுத்த கல்லைப்போல் அணுவுக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. லண்டனில் இருக்கும் சீஸியம் அணுவும் டில்லியில் இருக்கும் சீஸியம் அணுவும் ஒரே அச்சில் வார்த்தவை.

நன்றாக வேலை செய்த முதல் சீஸியம் கடிகாரத்தை 1955-இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையில் லூயி எஸ்ஸன் என்பவரும் ஜாக் பாரி என்பவரும் உருவாக்கினார்கள். 1967-இல் விநாடியின் இலக்கணமே மாறியது. பூமியின் சுழற்சியையோ சூரியனையோ நம்பாமல், சீஸியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகள் சேர்ந்தது ஒரு விநாடி என்று உலக நாடுகள் முடிவு செய்தன.

இத்தகைய கருவி சாமான்ய மனிதனுக்கு எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது, பழைய சாமான்களாக! செல்போன் கம்பெனிகள் தங்கள் கோபுரங்களில் ருபிடியம் என்ற மற்றோர் அணுவைக் கொண்ட சிறு கடிகாரங்களை வைத்திருந்தன. கோபுரங்களைப் புதுப்பித்தபோது அவை கழித்துப் போடப்பட்டன. ஒரு கெட்டிப் புத்தகம் அளவுள்ள அந்தப் பெட்டிகள் நூறு டாலருக்கும் குறைவாகச் சந்தைக்கு வந்தன; பொழுதுபோக்குக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இதே இனக் கடிகாரத்தை நம் நாட்டிலேயே செய்து, 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக் கிரகத்தில் வைத்து அனுப்பினார்கள். வானத்தில் இருந்து நாட்டுக்கு வழி சொல்லும் சாதனத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவர் வீட்டு மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது!

சீஸியம் கடிகாரம் அவ்வளவு மலிவல்ல. புதிது வாங்கினால் பல்லாயிரம் டாலர் ஆகும். பழையது வாங்கினால் வேறு சங்கடம். உள்ளே இருக்கும் குழாயில் சீஸியம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே வரும். தீர்ந்து போனால் அது வெறும் பாரம்தான். சந்தையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இதற்குப் பல்லா இருக்கிறது? துணிந்து வாங்க வேண்டியதுதான்.

ஐன்ஸ்டீன் போட்ட கணக்கு

மலைக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? பூமியின் ஈர்ப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் காலம் மெதுவாக ஓடும். பூமியை விட்டு மேலே போகப் போகக் காலம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் முடிவு. கடிகாரத்தின் கோளாறு அல்ல. காலமே அப்படித்தான் ஓடுகிறது.

1971-இல் ஹாபெலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்கர்கள் நான்கு சீஸியம் கடிகாரங்களோடு, சாதாரணப் பிரயாணிகள் போகும் விமானங்களில் உலகத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்கள். ஒரு முறை கிழக்கு நோக்கி. ஒரு முறை மேற்கு நோக்கி. விமானத்தில் உயரம் காலத்தை வேகப்படுத்தும். ஓட்டமோ காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். கிழக்கே போன கடிகாரங்கள் 59 நானோ விநாடி பின்தங்கின. மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின. நானோ விநாடி என்றால் விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோ விநாடியை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடி என்பது 31 வருஷத்துக்கும் மேலாகி விடும்!

அது பெரிய ஸ்தாபனங்கள் செய்த காரியம். ஒரு குடும்பஸ்தன் தன் சொந்த வண்டியில், சனி ஞாயிறு விடுமுறையில் அதே உண்மையைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்பதுதான் வான் பாக்கின் கேள்வி. 2005, ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைக்கு 100 வயசு. எஸ்ஸனின் கடிகாரத்துக்கு 50 வயசு. இதைவிட நல்ல முகூர்த்தம் ஏது?

மலை ஏறிய வண்டி

அவர் தேர்ந்தெடுத்தது ரெய்னியர் மலை. அதில் பாரடைஸ் என்ற இடம் வரையில் நல்ல சாலை உண்டு. தங்குவதற்கு விடுதியும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 5,400 அடி. அவர் வீட்டைவிட ஏறக்குறைய 1,300 மீட்டர் அதிக உயரம். அங்கே இரண்டு நாள் தங்கினால் கடிகாரங்கள் சுமார் 22 நானோ விநாடி முந்த வேண்டும் என்று கணக்குச் சொல்லிற்று.

காரியம் லேசானதல்ல. கடிகாரம் ஒவ்வொன்றும் சுமார் முப்பது கிலோ. வழியில் எங்கேயாவது ஒரு கணம் மின்சாரம் நின்று போனால் அத்தனையும் பாழ். நின்று ஓடிய கடிகாரத்திடம் போய் யார் சாட்சி கேட்பது? ஆகவே வண்டி நிறையப் பாட்டரிகளையும் அளக்கும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, நடுவில் குழந்தைகளையும் உட்கார வைத்துப் புறப்பட்டார்.

எதற்காக மூன்று கடிகாரங்கள்? ஒன்றே ஒன்று இருந்தால் அது பொய் சொல்கிறதா என்று தெரியாது. இரண்டு இருந்து, இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? மூன்று இருந்தால்தான் பஞ்சாயத்து நடக்கும். எவ்வளவு நல்ல சீஸியம் கடிகாரமும் இரண்டு மூன்று நாளில் சில நானோ விநாடி தானாகவே தடுமாறக் கூடும். தேடிப் போகிற பொருளோ வெறும் 22. வைக்கோல் போரில் ஊசி தேடுகிறவன், கையில் வேறு ஊசி வைத்திருக்கிறானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஆகவே புறப்படுவதற்கு முன்பும், திரும்பி வந்த பிறகும், வீட்டில் விட்டுச் சென்ற அணுக் கடிகாரங்களோடு இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இந்த மாதிரி ஒப்பிடும்போது எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் தெரியுமா? இணைக்கும் வயரில் ஓர் அடி கூடினால் சுமார் ஒன்றரை நானோ விநாடி கூடிவிடும். நாலடி வயரை மாற்றிப் போட்டால் ஐன்ஸ்டீனில் கால் பங்கு காணாமல் போய்விடும்!

விடை என்ன? மலைக்குப் போய் வந்த கடிகாரங்கள் இருபது நானோ விநாடிக்குச் சற்று அதிகமாக முந்தியிருந்தன. கணக்கும் அளவும் பொருந்தி விட்டன. ஐன்ஸ்டீன் ஜயித்தார், குடும்ப வண்டியும் ஜயித்தது.

இதனால் என்ன பிரயோஜனம்?

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்த நுட்பத்தைத் தள்ளிவிட்டால் உங்கள் செல்போன் உங்களுக்கு வழி சொல்லாது. ஜி.பி.எஸ். கிரகங்களில் உள்ள கடிகாரங்கள், உயரத்தாலும் வேகத்தாலும், தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்து விடும். மயிலாப்பூரில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் புறப்பட்டவர்கள் தாம்பரத்தில் போய் மாப்பிள்ளையைத் தேட வேண்டியதுதான்.

விஞ்ஞானிகள் இதற்குப் பிறகு வெகு தூரம் போய்விட்டார்கள். 2010-இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில், ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் ஓட்டம் வேகமாவதை அளந்து காட்டினார்கள். ஒரு மாடிப்படியின் இரண்டு படி உயரந்தான்! ஆக, நிற்கிற மனிதனின் தலைக்குப் பாதத்தைவிடச் சீக்கிரம் வயசாகிறது. மேல் மாடியில் குடியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு முழு ஆயுளில் கூட இதனால் ஏற்படும் நஷ்டம் கண்ணிமைக்கும் பொழுதில் மிகச் சிறிய பங்குதான்.

ஆனால் இந்தப் பிரயோஜனங்களையெல்லாம் நினைத்து வான் பாக் மலை ஏறவில்லை. பரிசும் இல்லை, பதவியும் இல்லை. பெரியவர்கள் புஸ்தகத்தில் எழுதிவிட்டார்கள் என்பதோடு திருப்தி அடையாமல், நாமே ஒரு தடவை அளந்து பார்க்கலாமே என்ற ஆசைதான். பள்ளிக்கூடத்தில் நூறு பாடம் கேட்பதைவிட, தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓர் எண்ணுக்காகக் காத்திருந்த குழந்தைகளின் மனத்தில் விஞ்ஞானம் ஆழமாகப் பதிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் உண்டு. மலையிலே காலம் வேகமாக ஓடியது என்றால், அங்கே அவர்களுக்குக் கிடைத்த விடுமுறையும் சற்று நீண்டது என்றுதானே அர்த்தம்? கீழேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட 22 நானோ விநாடி அதிகமாக அந்தக் குழந்தைகள் தகப்பனாரோடு இருந்தார்கள். குழந்தைகளோடு கழிக்க நேரமே கிடைப்பதில்லை என்று அங்கலாய்க்கும் தகப்பனார்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர் அந்தச் சொற்ப நேரத்தைச் சம்பாதித்ததோடு, அதற்குச் சரியான கணக்கும் வைத்திருக்கிறார்!