கரண்ட் வந்ததும் கோபுரம் திணறுவது ஏன்?

மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்புகிறது. ஒரு வட்டாரத்தின் ஸ்மார்ட் மீட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உயிர்பெற்று, பக்கத்துச் செல்போன் கோபுரத்தைக் கூப்பிடுகின்றன. ஒவ்வொன்றும் அனுப்பப்போவது ஒரு குறுஞ்செய்தி அளவுத் தகவல்தான். அதற்கே கோபுரம் தடுமாறிவிடும். கல்யாணப் பந்தியில் இலை காலியாக இருந்தும், வாசலில் முண்டியடித்தால் யாரும் உட்கார முடியாதல்லவா? அந்தக் கதைதான்.

அந்த வாசலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 4ஜியில் கோபுரத்தோடு பேச நினைக்கும் கருவி முதலில் ஒரு சிறு ரேடியோ முன்குறியை அனுப்ப வேண்டும். கோபுரத்தின் ஒரு சேவைப் பகுதிக்கு, அதாவது ஒரு 'செல்'லுக்கு, இருப்பது 64 முன்குறிகள். அதிலும் ஒரு பங்கைக் கோபுரம் தன் தேவைக்கு ஒதுக்கிக்கொள்ளும். மீதியில் ஏதோ ஒன்றைக் கருவி குலுக்கல் முறையில் எடுக்கிறது. இரண்டு மீட்டர்கள் ஒரே கணத்தில் ஒரே முன்குறியை எடுத்தால், கோபுரத்தின் காதில் ஒரே குரல்தான் விழும். "சரி, சொல்" என்று அது ஒரே ஓர் இடம் ஒதுக்கும். இரண்டும் அதே இடத்தில் பேச, பெரும்பாலும் இரண்டுமே புரியாமல் போகும். சற்றுக் காத்திருந்து மறுபடி முயலும். கூட்டம் அதிகமானால் மறுமுயற்சிகளே புது நெரிசலாகிவிடும்.

இது ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் இயக்கிய அலோஹா வலையமைப்பு முதலே தெரிந்த சிக்கல். நேரத்தைத் துண்டுபோட்டு ஒழுங்குபடுத்தினாலும், இந்தக் குலுக்கல் முறையில் ஒரு தடத்தின் நேரத்தில் நூற்றுக்கு 37 பங்குக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது. அதனால் செல்பேசித் தர விதிகளை வகுக்கும் த்ரீஜிபிபி அமைப்பு, 10 விநாடிக்குள் 30,000 கருவிகள் மோதும் நிலையைக் கற்பனை செய்து ஆராய்ந்தது.

நெரிசலைச் சமாளிக்கும் ஒரு வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. நெரிசல் வந்தால் கோபுரம் ஓர் எண்ணை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது, 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கருவியும் 0க்கும் 1க்கும் நடுவே ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது 0.3க்குக் கீழே இருந்தால் உள்ளே வரலாம். இல்லையென்றால் சில விநாடிகளோ சில நிமிடங்களோ பொறுக்க வேண்டும். அவசரமில்லாத கருவிகளை மட்டும் தனியே நிறுத்திவைக்கும் ஏற்பாடும் பிறகு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் போனுக்கு வழிவிட மீட்டர் காத்திருப்பதுதான் நியாயம்.

கோபுரத்தால் இவ்வளவுதான் முடியும். மீதி, கருவி செய்பவர்களின் கையில். எல்லா மீட்டரும் சரியாக நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு அனுப்பும்படி நிரல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமதம் வையுங்கள்.