மோட்டார் வண்டியின் மெருகு

தேய்த்தால் பளபளப்பு உண்டாகும் என்பது நாம் யாவரும் இளமை முதல் அறிந்ததோர் உண்மை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்க்கிறோம். அது பொன்போல் ஒளிர்கின்றது. ஆதலின் எதனையும் எவ்வளவுக்கெவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நலம் என்று கருதிவிடுகிறோம். விளக்கிற்குப் பொருந்தும் இக்கருத்து மோட்டார் வண்டியின் வர்ணத்திற்குப் பொருந்தாது என்பதை யாம் பட்டே அறிய நேர்ந்தது.

எம் தந்தையார் விட்டுச் சென்ற கருநிற வண்டியொன்று எம்மிடம் உண்டு. இல்லத்தில் நிகழவிருந்த திருமணத்தை முன்னிட்டு அதனை ஒரு பட்டறையில் பாலிஷ் போடக் கொடுத்தோம். மாலையில் நிழலில் நின்ற வண்டி கண்ணாடிபோல் விளங்கிற்று. மகிழ்ந்து கூலிக்கு மேலும் கொடுத்து வந்தோம். மறுநாட் காலை வெயிலில் நிறுத்தியபொழுதோ, பானெட்டு முழுதும் சிலந்தி வலை பின்னினாற்போல நுண்ணிய கீறல்கள் தோன்றின. கதவின் விளிம்பில் ஓரிடம் ஒளி மழுங்கித் திட்டாய்க் கிடந்தது. கறுப்பு ரப்பர்ப் பட்டைகளில் சுண்ணாம்பு போன்ற கறை படிந்திருந்தது. இக்குறைகளை எம் கையாலேயே நீக்க முயன்று யாம் கற்றவற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

முதற்கண் வர்ணப் பூச்சின் அமைப்பை அறிதல் வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் குதிரைக் கோச்சுகளுக்குப் போலவே அதற்கும் தூரிகையால் வார்னிஷ் பூசினர். பூச்சுகள் யாவும் உலர்ந்து முடிய வாரக் கணக்காயிற்று. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் 1923-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டியூகோ' என்னும் விரைந்து உலரும் பூச்சு இத்தாமதத்தை ஒழித்தது. 1980-க்குப் பின், நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிந்த பூச்சொன்றை இடும் முறை எங்கும் பரவிற்று. இன்று நாம் காணும் வண்டிகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. கண்ணாடி போன்ற அம்மேற்பூச்சே ஒளியைத் தருவது. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் அதுவே.

இதன் கனம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை 1000 கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். தகட்டின்மேலுள்ள பூச்சு அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் தெளிந்த மேற்பூச்சு 35 முதல் 50 மைக்ரான் வரையில்தான். நம் தலைமயிரினும் மெல்லியது. மெருகிடுதல் என்பது ஒன்றைப் பூசுதல் அன்று. நுண்பொடி கலந்த குழம்பால் இம்மேற்பூச்சைச் சிறிது சிறிதாய்க் குறைத்தலேயாம். கீறலின் ஆழம் வரை சுற்றிலும் குறைத்துவிட்டால் கீறல் மறைகின்றது. குறைந்தது மீண்டும் வளராது. இதனை மறவாதிருத்தலே இக்கலையின் முதற்பாடம்.

கீறல்கள் வட்டமாய்த் தோன்றுவானேன் எனின், அவை உண்மையில் வட்டங்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கீறல்களுள், ஒளி வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பன மாத்திரமே மின்னுகின்றன. அவை ஒன்றுகூடிச் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள்போல் தோன்றுகின்றன. நாம் தலையை அசைத்தால் வளையங்களும் உடன் நகர்வதைக் காணலாம். அழுக்குத் துணியும், கரடான குழம்பும், நிதானமின்றி ஓட்டிய இயந்திரமுமே இவற்றிற்குக் காரணம். பட்டறையில் இவை தெரியாதது ஏன்? குழம்பிலுள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருந்தது. நீர் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்ப்பின் உண்மை வெளிப்படும்.

இனிச் செய்முறை. வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு குளிர்ந்தபின் தொடங்குக. சோப்பு நீருக்கு ஒரு வாளியும், துணி அலசுவதற்கு மற்றொரு வாளியும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுக. ஒரு மணல் துகள் எஞ்சினும் அதுவே புதுக்கீறல் இடும். ரப்பரிலுள்ள வெண்கறை உலர்ந்த குழம்பேயாதலின் மெல்லிய பிரஷ்ஷும் சோப்பு நீரும் கொண்டு நீக்கலாம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு எளிதில் தேய்ந்துவிடுமாதலால் அவற்றின்மேல் காகித நாடா ஒட்டி மறைத்துவிடுக.

பின்னர், கிடைப்பவற்றுள் மிக நுண்ணிய குழம்பையே முதலில் எடுத்து, கண்ணிற்படாத மூலையொன்றில் சோதித்துப் பார்க்க. அதனால் ஆகாதபோதே அடுத்த தரத்தை நாடுதல் முறை. மென்மையான ஸ்பாஞ்சில் சில துளிகள் இட்டு, இரண்டு சாண் சதுரத்திற்கு மேற்படாத இடத்தில், விரல்நுனி அழுந்தாமல் உள்ளங்கை படிய, முதலில் நெடுக்காகவும் பின்னர்க் குறுக்காகவும் தேய்க்க. தூய மைக்ரோபைபர் துணியால் துடைத்து, டார்ச்சு விளக்கின் ஒளியில் நோக்குக. துணி தரையில் விழுந்துவிட்டால் அதனை மீண்டும் தொடலாகாது. துணியில் வண்டியின் நிறம் ஏறினால் எச்சரிக்கை! பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் அது இயல்பு. தெளிபூச்சுள்ள வண்டியிலோ மேற்பூச்சு அவ்விடத்தில் அற்றுப்போயிற்று என்பதே பொருள். இயந்திரம் இந்நிலைக்கு நொடிகளில் கொண்டு செல்லும். கையோ மெல்லச் செல்வதால் நம்மை எண்ணிப் பார்க்க விடுகின்றது. இறுதியில் இடும் மெழுகு காவலேயன்றி மருந்தன்று.

எம் வண்டியின் பானெட்டு ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிதும் தெளிந்தது. கதவு விளிம்பிலுள்ள திட்டு மாத்திரம் நீங்கவில்லை, நீங்கவும் நீங்காது. அங்கு மேற்பூச்சே போய்விட்டது. புதிதாய் வர்ணம் அடித்தாலன்றி வழியில்லை. பின்கதவில் நீண்ட கீறலொன்றும் உண்டு. சிறுவயதில் எம் சைக்கிள் உராய்ந்து விளைந்தது அது. தந்தையார் அன்று ஒன்றும் சொல்லாமல் விரல்நகத்தால் அதனைத் தடவிப் பார்த்தார். நகம் தடுக்குமாயின் அக்கீறல் மெருகினால் தீராதென்பது இவ்வேலையில் வழங்கும் விதி. யாமும் இப்பொழுது தடவிப் பார்த்தோம், நகம் தடுக்கிற்று. நுண் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். வேண்டாவென்று விட்டுவிட்டோம்.

இவ்வேலையில் எம்மை அதிகம் வருத்தியது தோளின் நோவு அன்று; எங்கே நிறுத்துவது என்னும் ஐயமே. இன்னும் சிறிது தேய்த்தால் இன்னும் சிறிது ஒளிரும் என்று கை சொல்லும். பூச்சின் கனம் அறிந்தவரே அக்கையை நிறுத்த வல்லவர்.